மலை எங்கேயும் போகாது

வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆறு மாதமும், பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இனிமே பொழுது எப்படிப் போகும்?" சிலர் எல்ஐசி ஏஜென்சி எடுக்கச் சொன்னார்கள். சிலர் கோயில் திருப்பணிக் கமிட்டியில் சேரச் சொன்னார்கள். நாலரை மணி இருட்டில் காரை எடுத்துக்கொண்டு வயக்காட்டைப் படம் பிடிக்கப் போகப்போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

2014 மே 31-இல் ஓய்வு பெற்றேன். பெங்களூரில் இருக்கும் மகன் ஒரு நிக்கான் டி5300 கேமராவை வாங்கிக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். சின்ன வயதில் மாமா வைத்திருந்த ஆக்பா க்ளிக் 3 கேமராவை நான் எப்படித் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன் என்று எப்போதோ அவனிடம் சொல்லியிருக்கிறேன். அதை நினைவில் வைத்திருந்திருக்கிறான்.

அந்த க்ளிக் 3-ஐ நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 120 பிலிம் சுருள் ஒன்றில் பன்னிரண்டே படம். பிலிம் காசு, கழுவுகிற காசு, பிரிண்ட் போடுகிற காசு என்று ஒவ்வொரு க்ளிக்குக்கும் கணக்கு உண்டு. அதனால் ஆள் இல்லாத இடத்தை யாரும் படம் எடுக்க மாட்டார்கள். கல்யாணம், காதுகுத்து, புதுச் சட்டை, அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் அத்தை, சித்தப்பா, யாரென்றே தெரியாத விருந்தாளி எல்லாரும் இருக்கிறார்கள். சேரன்மகாதேவிப் பக்கம் எங்களுக்கு இருந்த அரைக் கோட்டை விதைப்பாடு வயல் மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. 1983-இல் அக்கா கல்யாணத்துக்காக அதை விற்றார்கள். விற்ற பிறகு அப்பா அந்தப் பக்கம் போகவே இல்லை.

கேமரா கைக்கு வந்ததும் முதலில் வீட்டு மாடியில் காக்காவையும் செம்பருத்தியையும் எடுத்தேன். ஒரு மாதத்தில் அலுத்துவிட்டது. ஜூலையில் ஒருநாள், தூக்கம் வராமல் நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருந்தவன், ஆல்டோவை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் இருந்து மேற்கே ஓட்டினேன். அன்றிலிருந்து பதினோரு வருடமாக வாரம் இரண்டு நாளாவது இந்தப் பழக்கம் விட்டதில்லை.

அதிகாலையில்தான் போகவேண்டுமா, சாயங்காலம் ஆகாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நம் மாவட்டத்துக்கு அது ஆகாது. நமக்கு மலை மேற்கே இருக்கிறது. சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். மலை கருப்பாக ஒரு கோடு மாதிரிதான் தெரியும். காலையில் நிலைமை வேறு. கிழக்கே கடல் பக்கம் இருந்து வருகிற வெளிச்சம் நேராக மலையின் முகத்தில் விழும். நாம் நிற்கிற வயலில் இன்னும் சூரியன் தெரியாது. அதற்குச் சில நிமிடம் முன்பே பொதிகையின் உச்சியில் வெயில் ஏறிவிடும். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற அகத்தியர் மலைக்கு நம்மைவிட முன்னால் விடிகிறது. முதலில் உச்சி சிவக்கும், பிறகு அந்தச் சிவப்பு மெதுவாகக் கீழே இறங்கும், காட்டில் உள்ள மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். ஒன்பது மணிக்கு மேல் போனால் பெரும்பாலும் மேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இல்லாவிட்டால் வெயிலும் தூசியும் சேர்ந்து மலையையே வெளுத்துவிடும்.

நேரத்தையும் பார்க்கவேண்டும். நம் ஊரில் மே கடைசியில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கும். ஜனவரி கடைசியில் 6.40-ஐ ஒட்டி உதிக்கும். வருடம் முழுக்கச் சேர்த்து நாற்பது நிமிட வித்தியாசம்தான். சூரியன் வருவதற்கு முன் எல்லாம் நீலமாகத் தெரிகிற நேரம் ஒன்று உண்டு. அது நமக்கு இருபது, இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காது. லண்டன் மாதிரி ஊர்களில் கோடையில் அது முக்கால் மணி நேரம் நீளும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் அடிவானத்தில் சாய்ந்து சாய்ந்து வராமல் நேரே ஏறிவிடுகிறது. ஆகவே ஐந்தரைக்கே இடத்தில் போய் நின்று, ட்ரைபாட் காலை விரித்து வைத்துக் காத்திருக்கவேண்டும். பஸ்ஸுக்கு ஓடுகிற மாதிரி ஓடிப்போய் எடுக்கிற காரியம் இல்லை.

போகிற வழியும் சாதாரணமானதல்ல. பின்விளக்கு இல்லாத டிராக்டர், நடுரோட்டில் சூடு தேடிப் படுத்திருக்கும் நாய், அறுவடைக் காலத்தில் ரோட்டின் பாதியை மறைத்து நெல்லைக் காயப்போட்டு ஓரத்தில் வைத்த கல் என்று எல்லாம் இருட்டில்தான் காத்திருக்கும். நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனதில்லை. வீட்டில் ஒரே ஒரு சட்டம்: போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணவேண்டும். பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு என் மனைவி மறுபடி படுத்துக்கொள்வாள். போன் அடித்தால் "ம்" என்று ஒரு சத்தம் வரும். அந்த "ம்" வந்தால்தான் எனக்கும் படம் எடுக்கிற மனசு வரும்.

மாதத்துக்கு ஓர் இடம் என்று ஒரு பஞ்சாங்கமே போட்டு வைத்திருந்தேன். ஆடி, ஆவணியில் சுந்தரபாண்டியபுரம். 'ரோஜா' படத்தில் கிராமத்துக் காட்சிகள் எடுத்த ஊர் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சூரியகாந்தி பூக்கிற காலத்தில் கேரளாவில் இருந்தெல்லாம் வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். சூரியகாந்தி நாள் முழுக்கச் சூரியனையே பார்த்துத் திரும்பும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இளஞ்செடிதான் அப்படித் திரும்பும். பூ முற்றிய பிறகு கிழக்கே பார்த்தபடியே நின்றுவிடும். ஆகவே காலையில் வயலுக்குக் கிழக்கே போய் நின்றால் முதுகில் வெயில், எதிரே முகம் காட்டும் பூக்கள், பூக்களுக்குப் பின்னால் மலை, மலை மேல் தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம். அந்த ஊர் அமைப்பே போட்டோவுக்குப் போட்டது போல இருக்கும். ஒரு தொல்லை உண்டு. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று ட்ரைபாடையே ஆட்டிவிடும். பையில் கல்லைப் போட்டு அதில் தொங்கவிட்டுத்தான் எடுக்கவேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை நமக்கு மழைக்காலம். பிசான நடவு முடிந்து வயலெல்லாம் கண்ணாடி விரித்தது போலத் தண்ணீர் நிற்கும். மார்கழி, தை மாதம் மஞ்சுக்கு. மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்ந்து, குளத்தின் மேலும் வயலின் மேலும் முழங்கால் உயரத்துக்கு மஞ்சாக நிற்கும். பனைமரத்தின் தலை மட்டும் அதற்கு மேலே மிதக்கும். ஏழரை மணிக்கு எல்லாம் கலைந்துவிடும். பிறகு கூந்தன்குளம். இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகள் அங்கே குளத்தில் இருக்கும். மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டியிருக்கும். பங்குனி வெயிலில் திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டுச் சிவப்பு மணல். இப்படி வருடம் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும்.

முதல் இரண்டு வருடம் புதுப்புது இடமாகத் தேடித்தான் போனேன். பிறகு அந்த ஆசை அடங்கி, பார்த்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போக ஆரம்பித்தேன். அதற்குக் காரணம் சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே ஒரு வாய்க்கால் பாலம். அதன் மேல் நின்று மேற்கே பார்த்தால் முன்னால் வயல், நடுவே தென்னை, அதற்குப் பின்னால் மலை. அந்த வயல்களில் ஒன்றுதான் 1983-இல் நாங்கள் விற்ற வயல். விற்றபோது இருந்த வரப்பு இப்போது இல்லை. வாய்க்கால் மடை மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. அதை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடித்தேன்.

நான் அங்கே நின்று எடுத்துக்கொண்டிருந்த ஒரு நாள், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார்.

"என்னத்தப் படம் புடிக்கீய சார்? இங்கன வயக்காடுதான கெடக்கு."

"வயக்காட்டத்தான் எடுக்கேன் அண்ணாச்சி."

அவர் வயலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "அப்படின்னா ரெண்டு நாள் களிச்சு வாங்களேன். வரப்பு வெட்டாமக் கெடக்கு, புல்லு மண்டிப் போச்சி. நல்லா வெட்டிப் போடுதேன். பொறவு எடுங்க."

நான் சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதுதான் மனதில் ஓடியது. நம் வீட்டில் யாராவது போட்டோ எடுக்கப் போனால் "இரு, தலை சீவிட்டு வர்றேன்" என்பார்களே, அதைத்தான் அவர் சொன்னார். நான் இயற்கைக் காட்சி என்று நினைத்து எடுத்துக்கொண்டிருந்தது அவருக்கு அவர் முகம்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. மலையையும் மேகத்தையும் விட்டால் என் படங்களில் இருப்பது எல்லாம் யாரோ செய்து வைத்தது. தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஏழு ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே நம் ஆட்கள் கட்டியவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைதான் ஆங்கிலேயர் காலத்தது. நான் நிற்கிற பாலத்தின் கீழே ஓடுவது கன்னடியன் கால்வாய்த் தண்ணீர். அந்தக் கால்வாய் இல்லை என்றால் அந்தப் பச்சை இல்லை. குளம் என்பது வெட்டியது, கரை என்பது போட்டது, பனை என்பது யாரோ விதைத்தது. மஞ்சு வந்து நிற்கிறதே, அதுவும் அந்தக் குளத்தாலும் வயலாலும்தான் நிற்கிறது. இரண்டு நாள் கழித்துப் போனேன். வரப்பு கத்தரித்தது போல இருந்தது. அந்தப் படம் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அவரிடமும் ஒன்று கொடுத்தேன். இந்த வயல் ஒரு காலத்தில் எங்களுடையது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? முப்பது வருடத்துக்கு மேலாக வெட்டிக் கொத்திப் பார்த்துக்கொண்டவர் அவர்.

அதிலிருந்து மாதம் ஒருமுறையாவது அதே பாலம், அதே இடம், கைப்பிடிச் சுவரின் அதே மூலை. ஒருநாள் மடிக்கணினியில் அந்தப் படங்களை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி பின்னால் நின்று பார்த்தாள்.

"அந்த மலையையே எத்தனை தடவை எடுப்பீங்க? அது எங்கயும் போயிராது."

மலை எங்கேயும் போகாதுதான். ஆனால் அந்த வரிசையைப் பாருங்கள். 2015 டிசம்பரில் பச்சை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அந்த டிசம்பரில் அதே சட்டத்துக்குள் வெடித்த தரையும் இரண்டு ஆடும். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ரோடு திறந்து நான் போய் நின்றபோது வயலும் வாய்க்காலும் பிரிவில்லாமல் கிடந்தன. மடை தெரியவில்லை. மலை மட்டும் கழுவிவிட்டது போல எட்டிப் பார்த்தது. மூன்று படத்திலும் மலை ஒன்றேதான். மலை நகராமல் நிற்பதால்தான் மற்றதெல்லாம் எவ்வளவு நகர்கிறது என்று தெரிகிறது.

இதில் நாள் எழுதி வைப்பது முக்கியம். வங்கியில் முப்பத்தைந்து வருடம் தேதி போட்டே கை பழகியவன் நான். படம் எடுத்ததும் ஒரு நோட்டில் தேதி, மணி, இடம், நின்ற மூலை எல்லாம் குறித்துவிடுவேன். கேமராவே தேதியைப் பதிகிறதே என்பார்கள். இடத்தையும் காரணத்தையும் அது பதியாது.

உலகம் முழுக்கப் பேர் பெற்ற ஒரு படத்துக்கே இந்தக் குறை இருந்திருக்கிறது. ஆன்சல் ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் நியூ மெக்சிகோவில் காரில் போய்க்கொண்டிருந்தபோது, ஹெர்னாண்டஸ் என்ற சின்ன ஊருக்கு மேலே நிலா எழும்பியிருப்பதையும், கல்லறைச் சிலுவைகளில் மறையும் வெயில் படுவதையும் பார்த்தார். அவசரமாகக் காரை நிறுத்தினார். வெளிச்சம் அளக்கும் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலாவின் வெளிச்சம் எவ்வளவு என்று மனதில் இருந்த கணக்கை வைத்து ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் வெயில் போய்விட்டது. அந்தப் படத்துக்கு அவரே பிற்காலத்தில் வெவ்வேறு வருடங்களைச் சொல்லியிருக்கிறார். கடைசியில் வானியல் தெரிந்தவர்கள் நிலா நின்ற இடத்தை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் 1941 நவம்பர் 1 என்று முடிவு சொன்னார்கள். நம் படத்துக்கு யாரும் வந்து கணக்குப் போட மாட்டார்கள். நாம்தான் எழுதி வைக்கவேண்டும்.

அந்த நோட்டு எனக்கு ஒருமுறை உண்மையாகவே உதவியது.

தென்காசி ரோட்டில், ஆலங்குளம் தாண்டிப் போகும் வழியில் ஒரு புளியமரம் இருந்தது. அடியில் ஒரு டீக்கடை. சுந்தரபாண்டியபுரம் போகும்போதெல்லாம் முதல் டீ அங்கேதான். கடைக்கார அண்ணாச்சி ஐந்து மணிக்கே பல்பைப் போட்டுவிடுவார். தூரத்தில் இருந்து வரும்போது இருட்டில் அந்தக் குண்டு பல்பு ஒன்றுதான் தெரியும். 1974-இல் அவருடைய அப்பா போட்ட கடை அது.

கொரோனா ஊரடங்கெல்லாம் முடிந்து நான் மறுபடி அந்தப் பக்கம் போனபோது ரோட்டை நான்குவழிச் சாலையாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஓர மரங்கள் இல்லை. புளியமரம் இல்லை. கடையும் இல்லை. ரோட்டை நான் குறை சொல்ல வரவில்லை. இன்றைக்குத் தென்காசியில் இருந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு வருகிற ஆம்புலன்சுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் முதல் தடவை அங்கே கார் ஓட்டிப் போனபோது எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் நேரே போய்விட்டேன். எனக்கு அந்த ஊரே அந்த மரத்தை வைத்துத்தான் அடையாளம்.

2022-இல் அண்ணாச்சியைப் பாவூர்சத்திரம் சந்தையில் பார்த்தேன். ஊருக்குள் வீட்டுத் திண்ணையிலேயே கடையை வைத்துவிட்டதாகச் சொன்னார்.

"சார், நீங்க எப்பமும் படம் எடுப்பியளே, நம்ம மரம் இருக்க படம் ஒண்ணு கெடைக்குமா? எனக்கு இல்ல, எங்க அப்பாவுக்கு. படுத்த படுக்கையா இருக்காவ. தெனமும் புளி காய்ச்சிருக்கான்னு கேக்காவ. வெட்டியாச்சின்னு நாங்க சொல்லல."

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். "28-12-2015, திங்கள், காலை 5.35. தென்காசி ரோடு. மஞ்சு. மரம், கடை விளக்கு" என்று இருந்தது. உண்மையில் அன்றைக்கு நான் எடுக்க நினைத்தது மஞ்சைத்தான். படத்தில் முக்கால் பங்கு வெள்ளை. ஓரத்தில் மரத்தின் உருவம், அடியில் மஞ்சள் புள்ளியாக அந்தப் பல்பு. தேதி எழுதி வைக்காமல் இருந்தால் ஆயிரக்கணக்கான படத்தில் அதை எங்கே போய்த் தேடுவது?

பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவரைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். வெகுநேரம் பார்த்தார். மரத்தைப் பற்றி ஏதாவது சொல்வார், ஒருவேளை அழுவார் என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். அவர் அந்த மஞ்சள் புள்ளியில் விரலை வைத்தார்.

"வெளக்கு எரியுதே. பால் வந்துட்டா?"

"வந்துட்டுப்பா" என்றார் மகன்.

அதற்கு மேல் யாரும் எதுவும் பேசவில்லை. எனக்கு ஒரு தம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். அடுத்த வருடம் பெரியவர் காலமாகிவிட்டார். படம் இப்போது திண்ணைக் கடையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. என் படங்கள் எதுவும் பரிசு வாங்கியதில்லை. அதற்கு முயற்சி செய்ததும் இல்லை. அந்தத் திண்ணையே எனக்குப் போதும்.

இனி கண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு மூன்று வருடமாகவே மலை எனக்கு மங்கலாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது. மஞ்சு என்றுதான் நினைத்துக்கொண்டேன். வைகாசியில் ஏது மஞ்சு என்று மனைவி கேட்ட பிறகுதான் டாக்டரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் புரை. 2024-இல் முதலில் வலது கண், இரண்டு மாதம் கழித்து இடது கண், ஆபரேஷன் ஆனது. கட்டுப் பிரித்து ஒரு வாரம் கழித்து மொட்டை மாடியில் ஏறி நின்று மேற்கே பார்த்தேன். மலை நீலமாக இருந்தது. தூரத்து மலை நீலம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. புரை விழுந்த லென்ஸ் மஞ்சளாகிவிடுவதால் நீல நிறத்தைத்தான் முதலில் தடுக்குமாம். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு 1923-இல் இதே ஆபரேஷன் நடந்தது. நிறம் தெரியாமல் அவர் என்ன பாடு பட்டிருப்பார் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

நீலம் திரும்பி வந்தது. ஆனால் வேறொன்று போய்விட்டது. இருட்டில் எதிரே வருகிற லாரியின் விளக்கு எனக்கு இப்போது சக்கரம் போல விரிந்து தெரிகிறது. மகன் போனில் ஒரே வார்த்தையில் சொன்னான்: "இருட்டுல வண்டி வேண்டாம்பா." நான் பதில் சொல்லவில்லை. மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை நாலேகாலுக்கு அலாரம் அடித்தபோது அவள் எழுந்து சுக்குக் காப்பி போடவில்லை. விளக்கைப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அலாரத்தை நிறுத்திவிட்டு நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து "வெளிச்சம் வந்த பெறகு போகலாம்" என்றேன். அதற்கும் அவள் "ம்" என்றுதான் சொன்னாள்.

அன்றைக்கு நாங்களே போட்டுக்கொண்ட ஏற்பாடு இன்றுவரை நடக்கிறது. இருட்டில் வண்டி எடுப்பதில்லை. தூரத்து இடங்களுக்குப் போவது நின்றுவிட்டது. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தியைப் போன வருடம் பார்க்கவில்லை. அது வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் வெளுத்த பிறகு புறப்பட்டு ஊருக்குப் பக்கத்தில் மட்டும் போகிறோம். ஆற்றங்கரை, குளத்தங்கரை, ஊர் ஓர வயல். மாதம் ஒருமுறை முதல் பஸ் பிடித்துச் சேரன்மகாதேவி போய், அங்கிருந்து ஆட்டோவில் வாய்க்கால் பாலம். ஆட்டோக்காரத் தம்பிக்கு இப்போது அந்த மூலை மனப்பாடம். "தாத்தா, இன்னிக்கு மல தெரியுது, வேகமா வாங்க" என்று பஸ் ஸ்டாண்டிலேயே நின்று கூப்பிடுகிறான். நீல நேரம் எனக்கு இனி கிடைக்காது. உச்சியில் இருந்து வெயில் இறங்குவதன் கடைசிப் பகுதி கிடைக்கிறது.

என் மனைவியும் இப்போது கூட வருகிறாள். பதினோரு வருடத்தில் நான் கவனிக்காத ஒன்றை முதல் நாளே கவனித்தாள். வாய்க்கால் மடையின் பக்கக் கல்லில், தண்ணீர் மட்டம் பார்ப்பதற்காக யாரோ உளியால் போட்ட மூன்று கோடுகள். நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் காலடியைப் பார்த்தாள். அந்தக் கல்லையும் படம் எடுத்தேன். நோட்டில் தேதி போட்டு அவள் பெயரையும் எழுதினேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு என்னைப் போலவே வயதாகியிருக்கும். எல்லாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒன்று மட்டும் செய்யலாம். வீட்டில் இருக்கிற பழைய ஆல்பத்தை எடுத்துப் பிரித்து, இந்தத் தடவை ஆட்களைப் பார்க்காமல் ஆட்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கல்யாண மாப்பிள்ளை தோளுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் நிற்கும். குழந்தையின் தொட்டிலுக்குப் பின்னால் ஓட்டு வீட்டின் முற்றம் இருக்கும். குற்றாலம் போய் எடுத்த படத்தின் ஓரத்தில் இப்போது இல்லாத ஒரு கடை இருக்கும். அது எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வருடம் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.